ஒழுகுவதற்கென்றே ஓர் ஓட்டை

வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கத்தில், குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பென்சில் முனை நுழையலாம், அவ்வளவுதான். வார்ப்பில் வந்த பழுதும் இல்லை, யாரோ அடைக்க மறந்ததும் இல்லை. பம்ப்பை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே விட்டது. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்து தண்ணீர் தாண்ட ஆரம்பித்தால், அது அடுத்திருக்கும் பேரிங்கில் புகுந்து கிரீஸைக் கழுவிவிடாமல் இந்த வழியாகச் சொட்டிவிட வேண்டும். பேரிங்குக்குக் கொஞ்ச நாள் கூடுதல் ஆயுள் கிடைக்கும். வண்டிக்காரர் கண்ணிலும் ஈரம் படும்.

பாரிவாக்கத்தில் ஆவடி சாலைப் பக்கம் இருக்கும் எங்கள் மெக்கானிக் செட்டுக்கு வந்த பொலேரோ பிக்கப் ஒன்றில் அந்த ஓட்டையை எம்-சீல் உருட்டி வைத்து அடைத்திருந்தார்கள்.

"யாரு தம்பி இதை அடைச்சது?"

"தெரியலண்ணா. செகண்ட்ஸ் வண்டி. ஓனர் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சாம்."

"இப்ப இன்னா கம்ப்ளெயின்ட்டு?"

"காலைல பாத்தா கீழ ஈரமா இருக்குண்ணா. நைட்டு கோயம்பேடு போயிட்டு வந்து நிறுத்துறேன், காலைல ஒரு சொம்புத் தண்ணி உள்ள போவுது. ஆனா முள்ளு ஏறல."

முள் ஏறாததில் அவருக்கு ஒரு நிம்மதி. எனக்கு அதுதான் கவலை. டெம்பரேச்சர் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்கிற வரைக்கும்தான் முள் சொல்வதை நம்பலாம். தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால், உள்ளே ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும், முள் பாதியிலேயே சாதுவாக நிற்கும். ஹெட் கேஸ்கட் போய், ஹெட் வளைந்து வந்த எத்தனையோ வண்டிகளின் டிரைவர்கள் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள், முள் ஏறவே இல்லை என்று. அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஓட்டையை அடைத்ததால் ஒழுகல் நின்றதா என்றால், இல்லை. தண்ணீர் பேரிங் வழியாகவே முன்பக்கம் வந்துவிட்டது. புல்லிக்குப் பின்னால் விரலை விட்டு எடுத்தால் துருவும் கிரீஸும் கலந்த செம்பழுப்புக் குழம்பு ஒட்டிக்கொண்டு வந்தது. ஃபேனின் இரண்டு எதிரெதிர் இலைகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன். ஆட்டம் நன்றாகவே தெரிந்தது. இன்னும் சில வாரம் ஓடியிருந்தால் ஃபேன் ரேடியேட்டரில் போய் உரசியிருக்கும். சில ஆயிரத்தில் முடிகிற வேலையில் ரேடியேட்டர் விலையும் சேர்ந்திருக்கும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. தண்ணீர் மேலிருந்து கீழே வரும். ஃபேன் காற்று அதை முன்னிருந்து பின்னே தள்ளும். ஆகையால் ஈரம் தெரிகிற இடம் ஒன்றாகவும் ஒழுகும் இடம் வேறாகவும் இருக்கும். ஆல்டர்னேட்டர் மேல் பச்சைக் கறையைப் பார்த்துவிட்டு ஹோஸை மாற்றியவர்கள் உண்டு. நான் எஞ்சினைக் கழுவி உலர்த்திவிட்டு, கீழே ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்தச் சொல்வேன். சூட்டில் உலோகம் விரிந்து சீல் இறுகியிருக்கும், ஆறியதும் விட்டுவிடும். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் பார்ப்பதுதான் பார்வை. ஈரம் இருப்பதிலேயே மிக உயரமான இடம் எது, மிக முன்னாலிருக்கும் இடம் எது என்று டார்ச்சோடு தேடினால் ஆள் அகப்பட்டுவிடுவார். ரேடியேட்டர் வாயில் மாட்டிக் கையால் காற்றடிக்கிற பிரஷர் டெஸ்டர் இருந்தால் காத்திருக்கவும் வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டையைச் சுற்றி வெறும் வெள்ளைக் கறை மட்டும் காய்ந்து கிடந்தால், அதற்காகப் பம்ப்பை மாற்ற வேண்டாம். உள்ளே இருப்பது ரப்பர் சீல் மட்டும் இல்லை. ஷாஃப்டோடு சுற்றுகிற ஒரு வளையமும் அசையாத ஒரு வளையமும் முகத்தோடு முகம் உரசுகின்றன. ஒன்று கார்பன், மற்றொன்று பீங்கான் இனத்துக் கடினப் பொருள். நடுவில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம்தான் இரண்டுக்கும் எண்ணெய் மாதிரி வேலை செய்கிறது. அந்தப் படலத்தில் கொஞ்சம் ஆவியாகி வெளியே வரத்தான் செய்யும். கறை இயல்பு, சொட்டு பழுது. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல பம்ப்பைக் கழற்றிப் போடுகிற கடைகளும் இருக்கின்றன, தெரிந்தே போடுகிற கடைகளும் இருக்கின்றன.

எங்கள் பக்கத்துப் பிக்கப்புகளுக்கு, அதாவது டி.என். 12 போட்ட பூந்தமல்லி வண்டிகளுக்கு, ஓட்டத்தைவிட நிற்பதுதான் பெரிய வேலை. கோயம்பேட்டில் லோடு இறக்கக் காத்திருப்பது, பாரிவாக்கம் சிக்னலில் ஊர்வது, ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை கம்பெனி வாசல்களில் டோக்கனுக்கு நிற்பது. 2020 மே மாதம் கொரோனாவுக்காகக் கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டார்களே, அந்த மாதங்களில் இந்தப் பக்கத்துச் சாலையில் காய்கறி வண்டிகள் எஞ்சினை அணைக்காமல் வரிசை கட்டி நின்றன. ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்று பாதி வேலையைச் செய்துவிடும். நின்றபடி எஞ்சின் ஓடினால் பம்ப்பும் ஃபேனும்தான் கதி.

டீசல் எரிந்து தரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கப் போகிறது. ஏறக்குறைய அதே அளவு புகையோடு போகும். மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வர வேண்டும். அந்தத் தண்ணீரைச் சுற்ற விடுவது உள்ளங்கை அகல இம்பெல்லர் ஒன்று.

பம்ப் இல்லாமலே ஓட்டிய காலமும் உண்டு. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில், முதலில் செய்த சுமார் 2,500 வண்டிகளோடு வாட்டர் பம்ப்பை நிறுத்திவிட்டார்கள். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும் என்ற இயல்பை மட்டும் நம்பி 1927 வரை அந்தக் காரைச் செய்தார்கள். நம் கழனிகளில் கிணற்று மேட்டில் ஓடிய ஆயில் இன்ஜின்களில் பலவற்றுக்கு ரேடியேட்டரே கிடையாது. இறைக்கிற தண்ணீரில் ஒரு கிளைக்குழாய் எஞ்சினுக்குள் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு வாய்க்காலில் விழும். அந்தத் தண்ணீரில் கைகால் கழுவிய தலைமுறைக்கு இதம் தெரியும். ஆனால் ஒன்றரை டன் ஏற்றிக்கொண்டு டர்போவோடு ஓடுகிற 2,523 சிசி எஞ்சினுக்கு அந்தக் கதையெல்லாம் நடக்காது.

இந்த 2,523 சிசி எஞ்சின் எனக்குப் பிடித்த ஒன்று. 88.9 மில்லிமீட்டர் போர், 101.6 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். மூன்றரை அங்குலம், நான்கு அங்குலம் என்று படித்தால் அதன் வம்சம் தெரிந்துவிடும். அங்குலக் கணக்கில் பிறந்த டிராக்டர் எஞ்சின் வழி வந்தது. காமன் ரெயில், சென்சார் என்று மேலே எவ்வளவு ஏற்றினாலும் அடியில் இருப்பது உழவுக்காரன் உடம்பு. வாட்டர் பம்ப்பும் முன்னால், பெல்ட்டில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ஃபோர்டு பியஸ்டா 1.4 டீசல் மாதிரியான கார்களில் பம்ப்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். பம்ப்பைத் தொட வேண்டுமென்றால் டைமிங்கையே கழற்ற வேண்டும். பிக்கப்பில் அந்தத் தலைவலி இல்லை. ஆகையால்தான் இதைச் சின்ன வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

கழற்றுவது சின்ன வேலைதான். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும்; பேட்டரி கனெக்‌ஷனை எடுத்துவிட வேண்டும். ரேடியேட்டரின் அடி ஹோஸைக் கழற்றி ஒரு தொட்டியில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வடிகால் திருகைத் திறக்கலாமே என்று புத்தகம் சொல்லும். அந்தத் திருகு பல வண்டிகளில் பிளாஸ்டிக். பல வருடச் சூட்டில் வெந்து, தொட்டதும் தலை உடைந்து கையோடு வரும். நான் அதைத் தொடுவதில்லை. தொட்டியில் பிடித்த கூலண்ட்டைத் தெருவில் கொட்டவும் விடமாட்டேன். எத்திலின் கிளைக்கால் இனிக்கும்; நாய் நக்கிவிடும்; கொஞ்சம் போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே புல்லி போல்ட்டுகளை இளக்கிவிட வேண்டும். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போது புல்லி சுற்றாது; பெல்ட்டை எடுத்துவிட்டு ஸ்பேனர் போட்டால் ஷாஃப்ட் கூடவே சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும். ஃபேனைப் பிடிக்கும் விதம் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் நாலு போல்ட்டு. சிலவற்றில் நடுவில் ஒரே பெரிய நட்டு, அதிலும் சிலது இடது மரை. தெரியாமல் தம் கட்டித் திருப்பினால் இன்னும் இறுகும்.

பம்ப் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. செட்டுக்குப் புதிதாக வரும் பையனுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அட்டை வேலை. பழைய அட்டைப் பெட்டியில் பம்ப்பின் உருவத்தைக் கையால் வரைந்து, போல்ட்டு இருக்கும் இடங்களில் திருப்புளியால் குத்தி, எந்த ஓட்டையிலிருந்து எடுத்தோமோ அந்த ஓட்டையிலேயே போல்ட்டைச் சொருகி வைக்க வேண்டும். நீளமான போல்ட்டைக் குட்டையானதன் இடத்தில் போட்டு இறுக்கினால் அடி முட்டும்; இறுகிய மாதிரி தெரியும்; பம்ப் உட்கார்ந்திருக்காது. அதோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு தம் கொடுத்தால் வார்ப்பு விரிசல் விடும்.

துருப்பிடித்த போல்ட்டு வந்தால் ஏர் கன்னைத் தொடவே கூடாது. தலையில் சுத்தியால் நாலு தட்டு, துரு இளக்கும் எண்ணெய், ஒரு டீ குடிக்கும் நேரம். பிறகு இளக்குவது, திரும்பக் கொஞ்சம் இறுக்குவது, மறுபடி இளக்குவது. மரை அழும் சத்தம் காதுக்குக் கேட்கும். அந்தச் சத்தம் மாறி ஒரு மெத்தென்ற இழுவை கைக்குத் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். போல்ட்டு முறுக்கிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பிளாக்கில் போல்ட்டு உடைந்தால் அரை நாள் வேலை மூன்று நாள் ஆகும்.

பம்ப் வெளியே வந்துவிட்டது. இனிமேல்தான் வேலை.

பிளாக்கின் முகத்தில் பழைய கேஸ்கட் பொருக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். பலரும் அவசரப்படுவது இங்கேதான். கிரைண்டரில் உப்புத்தாள் சக்கரம் மாட்டி ஒரு சுற்று சுற்றினால் இரண்டு நிமிடத்தில் முகம் பளபளவென்று ஆகிவிடும். கண்ணுக்குத்தான் பளபளப்பு. சக்கரம் நின்ற இடத்தில் குழி, நகர்ந்த இடத்தில் மேடு. போதாததற்கு, அந்தத் தூள் தண்ணீர்ப் பாதைக்குள் போய், நாளைக்குப் புதுப் பம்ப்பின் சீலையே அறுக்கும். நான் முதலில் ஓட்டைக்குள் வேஸ்ட் துணியை அடைப்பேன். பிறகு முனை மழுங்கிய பழைய பிளேடு ஒன்றைப் படுக்கவைத்துப் பிடித்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, ஒரே திசையில் தள்ளுவேன். பிளாக் வார்ப்பிரும்பு, தாங்கும். பம்ப் உடம்போ பல வண்டிகளில் அலுமினியம், கூர்பிளேடு பட்டால் கோடு விழும். கோடு விழுந்த இடம் ஒழுகும் இடம்.

சுரண்டி முடித்துத் துடைத்தபின் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்காக நிறுத்திப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் வெளிச்சம் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். எல்லாத் திசையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை ஓட்டுவேன். கண் விட்டதை விரல் பிடிக்கும். கூட நிற்கிற டிரைவருக்கு இது பொறுக்காது. "அண்ணா, புது கேஸ்கட்டு போடுறோம்ல, அது புடிச்சுக்காதா?" என்பார். கேஸ்கட் மேடு பள்ளத்தை நிரப்புவதற்கு இல்லை தம்பி, மட்டமான இரண்டு முகத்துக்கு நடுவில் படுப்பதற்கு என்று சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு மணியைப் பார்ப்பார். வாடகைக்கு வண்டி ஓட வேண்டும். மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும். அவர் அவசரமும் நியாயம்தான்.

போல்ட்டு ஓட்டைகளில் சிலது தண்ணீர் அறைக்குள்ளேயே திறக்கும். அவற்றின் மரையில் துரு மண்டியிருக்கும். டேப் விட்டுச் சுத்தம் செய்து, போல்ட்டு மரையில் சீலன்ட் தடவித்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் ஒழுகாது, போல்ட்டு ஒழுகும். திட்டு என்னவோ பம்ப்புக்கு விழும்.

பழைய பம்ப்பை ஓரமாகத் தூக்கிப் போடுவது எனக்குப் பிடிக்காது. அது ஏன் போனது என்று பார்க்காமல் புதிதை மாட்டினால் புதிதும் அதே வழியில் போகும். அந்தப் பொலேரோ பம்ப்பை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது மூன்று சங்கதி தெரிந்தது. இம்பெல்லரின் ஓரங்கள் கறையான் தின்ற கதவுச் சட்டம் மாதிரி அரித்துப் போயிருந்தன. உள்சுவரில் வெள்ளையும் பழுப்புமாக ஏடு படிந்திருந்தது. அதற்கு நடுவே, சீல் பக்கத்தில், மஞ்சளாக ஏதோ களிம்பு.

மஞ்சள் என்றால் மஞ்சள்தூளேதான். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பொட்டலம் மஞ்சள்தூளைக் கொட்டுவது நெடுஞ்சாலை வைத்தியம்; சோப்பைச் சீவிப் போடுகிறவர்களும் உண்டு. ராத்திரி நடுவழியில் நின்றவனுக்கு அது உதவும், மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முழுக்கக் கழுவி எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். கார்பன் முகத்துக்கும் பீங்கான் முகத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்து அந்த நீர்ப்படலத்தைக் கெடுக்கும்.

வெள்ளை ஏடு எங்கள் ஊர்த் தண்ணீரின் கையெழுத்து. போர் தண்ணீர் காய்ச்சும் எந்த டீக்கடைக் கெட்டிலின் அடியையும் எட்டிப் பார்த்தால் அதே வெள்ளை இருக்கும். செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்தில் இருந்து என்ன, வண்டிக்குள் போவது கையில் கிடைக்கும் குடத்துத் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர் சுட்டால் சுண்ணாம்பு படியும். சுண்ணாம்பு படிந்தால் சூடு வெளியேறாது. கூலண்ட்டில் இருக்கும் துருத் தடுப்பு மருந்தும் இல்லாவிட்டால் இம்பெல்லர் கரையும். துருவோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து தண்ணீரில் குமிழ் பிறக்கும். அந்தக் குமிழ் உலோகத்தின் மேலேயே வெடித்து அணு அணுவாகப் பெயர்க்கும். பெரிய லாரி டீசல்களில் இதே குமிழ் வேலை லைனரையே ஊசி ஊசியாகத் துளைத்துவிடும். இதைத் தடுக்கிற அழுத்தத்தைத் தருவது ரேடியேட்டர் மூடி. மூடியின் மேல் 0.9 என்று அடித்திருந்தால் 0.9 பார், அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியைப் போட்டுக்கொண்டு புதுப் பம்ப் வாங்குவதில் அர்த்தமில்லை. மூடி என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பாடியில் 1966-இல் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பேர் வாங்கியது. இங்கிருந்து கூப்பிடு தூரத்துக் கம்பெனி. நாம்தான் மூடியை மதிப்பதில்லை.

தண்ணீரை அதன் இடத்தில் வைத்திருப்பது பெரியவர்களுக்கே பெரும்பாடு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் வெளிவர ஆரம்பித்த விஜயந்தா டாங்கிக்கு லேலண்ட் எல்-60 எஞ்சின். அதே எஞ்சினைப் போட்ட பிரிட்டனின் சீப்டன் டாங்கியை லைனர் சீல் விட்டுக் கூலண்ட் ஒழுகும் தொல்லை வருடக்கணக்கில் விடவில்லை. ராணுவமும் பெரிய பெரிய எஞ்சினியர்களும் மல்லுக்கட்டிய எதிரி, இங்கே காய்கறி வண்டியின் கீழே சொட்டிக்கொண்டிருக்கிறது.

முன்பெல்லாம் பம்ப்பை மாற்ற மாட்டோம், கட்டுவோம். பேரிங், சீல், கேஸ்கட் எல்லாம் சேர்ந்து கிட் வரும். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தபின் அதைச் சுற்றி முளைத்த லேத் பட்டறைகளில் கொண்டுபோய்க் கொடுத்தால், பிரஸ்ஸில் வைத்துப் பழைய ஷாஃப்டைத் தள்ளி, புதிதை இறக்கி, இம்பெல்லருக்கும் உடம்புக்கும் உள்ள இடைவெளியைத் தகடு விட்டுப் பார்த்துத் தருவார்கள். சீலை இறக்கும்போது கார்பன் முகத்தில் கைவிரல் படக்கூடாது என்று அதட்டுகிற கைக்காரர்கள் இருந்தார்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் கூட ஆரம்பத்திலேயே ஒழுகும் என்பது அவர்கள் கணக்கு. இப்போது கட்டுகிற கூலியும் கிட் விலையும் சேர்த்தால் புதுப் பம்ப்பை நெருங்கிவிடுகிறது. புதிதே போடுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனாலும் கட்டத் தெரிந்தவன்தான் புதிதில் நல்லதைப் பொறுக்கத் தெரிந்தவன்.

சென்னையில் ஸ்பேர் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் ஒரே வண்டிக்கு நாலு விலையில் பம்ப் கிடைக்கும். டப்பாவைப் பார்த்து வாங்க முடியாது. டப்பாவும் டூப்ளிகேட் வரும். பழைய பம்ப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய் இரண்டையும் கவுன்டரில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஹப் உயரம் ஒன்றாக இருக்கிறதா? ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் பெல்ட் கோணலாக ஓடிக் கீச்சிடும். இம்பெல்லர் இலைகளின் எண்ணிக்கையும் சாய்வும் சரிதானா? ஷாஃப்டைக் கையால் சுற்றினால் சீலின் மெல்லிய பிடி சீராகத் தெரிய வேண்டும். கரகரப்பு கூடாது, விர்ரென்று சும்மாவும் சுற்றக்கூடாது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மாட்டும்போது பேஸ்ட் பைத்தியம் பலருக்கு உண்டு. அனபாண்ட் டியூபைப் பிதுக்கி வடம் வடமாக வைப்பார்கள். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கி, பிய்ந்து, ரேடியேட்டருக்குப் பயணம் போகும். காகிதக் கேஸ்கட் என்றால் இரண்டு முகத்திலும் விரலால் மெல்லியதாகத் தடவினால் போதும். போல்ட்டுகளை எல்லாம் முதலில் கையாலேயே ஓட்டி உட்காரவைத்து, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். 8 எம்.எம். போல்ட்டுக்கு 20, 22 நியூட்டன் மீட்டருக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. டார்க் ரெஞ்ச் இருந்தும் கையையே நம்புகிறவர்களுக்கு ஒன்று: காலையில் இருக்கும் கை சாயங்காலம் இருப்பதில்லை.

பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்குவதுதான் பேரிங்கைக் கொல்லும் முதல் காரணம். வி-பெல்ட் என்றால், நீளமான பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஃபேன் இலை ஒன்று நுனி உடைந்திருந்தாலும் அந்த அதிர்வு நேராகப் பம்ப் பேரிங்குக்குத்தான் போகும். அந்தப் பொலேரோவில் இலைகள் முழுசாக இருந்தன. பெல்ட்தான் வீணைத் தந்தி மாதிரி முறுக்கேறிக் கிடந்தது.

"அண்ணா, அந்த வால்வையும் எடுத்துப் போட்டுடுங்கண்ணா, ஹீட்டே ஆவாதாம்" என்றார் டிரைவர். தெர்மோஸ்டாட்டைச் சொல்கிறார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். எத்தனை செட்டுகளில் எத்தனை நல்ல தெர்மோஸ்டாட்டுகள் குப்பைக்குப் போயிருக்கின்றனவோ. அது 82 டிகிரி பக்கம் திறக்க ஆரம்பிக்கும். அதுவரை எஞ்சினைச் சீக்கிரம் சூடேறவிடும். அதை எடுத்துவிட்டால் காமன் ரெயில் எஞ்சினின் கம்ப்யூட்டர் வண்டி இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து டீசலைக் கூடுதலாக விடும். மைலேஜ் குறையும், ஆயில் கெடும். நான் எடுக்கவில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுத் திறக்கிறதா என்று அவர் கண்ணெதிரே காட்டிவிட்டு, அதையே திரும்ப மாட்டினேன். ஒரு விரல் கனத்துக்கு அது வாயைத் திறந்ததைப் பார்த்தபின் அவரும் பேசவில்லை.

கடைசியாகத் தண்ணீர். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி ஓட்டி, வடித்து, மஞ்சளும் துருவும் நிற்கும்வரை கழுவ வேண்டும். பிறகுதான் கூலண்ட். கலந்தே வருவதாக இருந்தால் அப்படியே ஊற்றலாம். கெட்டியாக வருவது என்றால் சுத்திகரித்த தண்ணீரோடு சரிபாதி. வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மெதுவாக, நூலாக ஊற்ற வேண்டும். மடமடவென்று கவிழ்த்தால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். ரேடியேட்டர் நிறைந்த மாதிரி காட்டும், ஹெட் காலியாக இருக்கும். மூடியைப் போடாமல் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வெகுநேரம் ஹோஸ் வெதுவெதுப்பாகவே இருக்கும். திடீரென்று சூடு பாயும், தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. அப்போது ரேடியேட்டர் வாயில் மட்டம் சட்டென்று இறங்கி, குமிழ் குமிழாகக் காற்று வரும். ஊற்றி நிரப்பி, குமிழ் நின்றதும் மூடி.

பில்லில் கூலண்ட் விலையைப் பார்த்து ஓனர் போனில் கொஞ்சம் கத்தினார். தண்ணி ஊத்தினா ஆகாதா என்றார். பழைய பம்ப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி டிரைவரிடம் கொடுத்தேன். அந்த அரித்த இம்பெல்லர் படம் போனபிறகு கூலண்ட் பணத்தில் பேரம் இல்லை. லேபரில்தான் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஆறிய எஞ்சினோடு வரச் சொல்லியிருந்தேன். மட்டம் பார்க்க வேண்டும், புது பெல்ட் கொஞ்சம் நீண்டிருந்தால் இறுக்க வேண்டும். வருவதற்குள் ராத்திரியே போன் வந்தது, கோயம்பேட்டிலிருந்து.

"அண்ணா, மூடியைத் திறந்து தண்ணி இருக்கான்னு ஒரு தபா பாத்துக்கட்டா?"

"வண்டி சூடா இருக்குதா?"

"ஆமாண்ணா, இப்பதான் நிறுத்துனேன்."

"மூடியைத் தொடாத. மூஞ்சி வெந்துடும். ஓரமா வெள்ளை டப்பா இருக்குல்ல, அதுல கோடு போட்டிருக்கும். எந்தக் கோட்டுல நிக்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

"ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்குதுண்ணா."

"அப்ப லோடை இறக்கிட்டு வா."